பையைத் திறப்பதற்கு முன்

பார்வை குறைந்தவர்களின் வீடுகளுக்குப் போய், பேசும் கைபேசியையும் திரைவாசிப்பானையும் உருப்பெருக்கியையும் பழக்கிக் கொடுப்பது என் தொழில். அதை மொன்றியலில் இருந்துகொண்டு செய்யக் கிடைத்தது ஒரு கொடுப்பினை. கண் வைத்தியர் "இதற்கு மேல் கண்ணாடியால் ஆவது ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்த பிறகும் இங்கே ஒருவருக்குப் போக இடம் உண்டு. புனர்வாழ்வு நிலையத்துக்குப் பெயர் போகும். தகுதி இருந்தால் கியூபெக் மருத்துவக் காப்புறுதிச் சபை மூலம் கருவி இரவலாகக் கிடைக்கும். அதைப் பழக்க என்னைப் போன்ற ஒருவர் வீட்டுக்கே வருவார். ஊரிலிருந்து வந்த மூத்தவர்களுக்கு இதை நம்பவைப்பதுதான் பல வீடுகளில் முதல் பாடம். "இதுக்கு எவ்வளவு காசு பிள்ளை?" என்று நான் கிளம்பும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட வேர் உண்டு. 1861-இல் 'கிரே நன்ஸ்' கன்னியர் சபையினர் நாசரேத் என்ற பெயரில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார்கள். பின்னாளில் அது லூயி பிரெயில் நிலையத்தோடு சேர்ந்தது. பிரெஞ்சு பேசுவோர் இன்றும் போவது அங்கேதான். ஆங்கிலம் பேசுவோருக்காக 1908-இல் மொன்றியல் பார்வையற்றோர் சங்கம் வந்தது. அதைத் தொடங்கிய பிலிப் லேட்டன் தானே பார்வை இழந்தவர். இங்கிலாந்தில் இசை படித்துவிட்டு வந்து இந்த நகரத்தில் பியானோக் கடை நடத்தியவர். கன்னியர் மடம் ஒரு பக்கம், பார்வையற்ற வியாபாரி மறுபக்கம். இந்தத் துறையில் இன்றுவரை நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இந்த இரண்டு தொடக்கங்களுக்கும் நடுவில்தான் நடக்கின்றன: என்ன வேண்டும் என்று சொல்லவேண்டியவர் உதவ வந்தவரா, அந்த வாழ்க்கையை வாழ்கிறவரா?

என்னிடம் வரும் தமிழர்களில் பலருக்குக் காரணம் சீனி வருத்தம். விழித்திரையில் இரத்தக் கசிவு, லேசர், கண்ணுக்குள் ஊசி என்று சில ஆண்டுகள் போராடிவிட்டுத்தான் வருகிறார்கள். எண்பதுகளில் இந்த நகரத்துக்கு வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, கடைசியில் ஓய்வு கிடைக்கும் நேரத்தில் கண் போகிறது. பார்வை போனதைவிட, ஒவ்வொன்றுக்கும் பிள்ளையைக் கூப்பிடவேண்டி வந்ததே அவர்களுக்குப் பெரிய துக்கம்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் இளையவர்களிடம் நான் ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன். முதல் நாள் பையைத் திறக்காதீர்கள். கருவிகள் பையிலேயே இருக்கட்டும். அவர் தேநீர் ஊற்றுவதைப் பாருங்கள்.

பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஓர் அம்மா இருக்கிறார். மொன்றியலுக்கே உரிய வெளிப்புற இரும்புப் படிக்கட்டில் ஏறித்தான் அவர் வீட்டுக்குப் போகவேண்டும். நடுப்பார்வை முழுக்கப் போய்விட்டது. ஓரத்தில் மட்டும் நிழலாட்டம். நான் போன அன்று அவர் பிட்டு அவித்துக்கொண்டிருந்தார். மிளகாய்த் தூள் போத்தலில் இரண்டு ரப்பர் வளையம், மஞ்சளில் ஒன்று, சரக்குத் தூளில் ஒன்றுமில்லை. உப்பு வேறு தட்டில். சீனியும் உப்பும் ஒரே தட்டில் இருக்கக் கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். பிட்டு அவிந்ததா என்று பார்க்கப் புறங்கையை ஆவிக்கு மேலே ஒரு கணம் பிடித்தார். தேநீரைக் கழுவு தொட்டிக்குள் கோப்பையை வைத்துத்தான் ஊற்றினார். சிந்தினாலும் தொட்டிக்குள் போகட்டும் என்று. கோப்பை நிறைய நிறைய ஊற்றும் சத்தம் மெலிந்து உயரும்; அதைக் கேட்டுச் சரியான இடத்தில் கேத்தலை நிமிர்த்தினார். வெள்ளைப் பிட்டைக் கறுப்புத் தட்டில் போட்டார், ஓரப் பார்வைக்காவது அகப்படும் என்று. காலைக் குளிசை பித்தளைக் கிண்ணத்தில், இரவுக் குளிசை எவர்சில்வரில். இவற்றில் எதையும் அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவருக்குத் தெரியாத ஒன்று அன்று அகப்பட்டது. காசுத் தாள்களை மகன் பிரித்து மடித்துக் கொடுப்பாராம். இருபது நெடுக்காக ஒரு மடிப்பு, பத்து குறுக்காக. மகன் வராத வாரம் கடைக்குப் போவதில்லை. கனடாத் தாள்களின் மூலையில் தடவிப் பார்க்கப் புள்ளிக் கூட்டங்கள் உண்டு: ஐந்துக்கு ஒன்று, பத்துக்கு இரண்டு, இருபதுக்கு மூன்று, ஐம்பதுக்கு நான்கு; நூறுக்கு இரண்டு கூட்டம், நடுவே அகன்ற இடைவெளி. அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். பழைய தாள்களில் புள்ளி தேய்ந்திருக்கும் என்பதையும் சொன்னேன். அடுத்த முறை நான் போனபோது தாள்களில் மடிப்பு இல்லை. எந்தக் கருவியும் தேவைப்படாத பாடம் அது. அன்று பையை முதலில் திறந்திருந்தால், காசு வாசிக்கும் இயந்திரத்தை மேசையில் வைத்துவிட்டு வந்திருப்பேன்.

கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தில் ஆர்ஸெலி டொக்குமாஜி என்ற ஆய்வாளர் இருக்கிறார். துருக்கியிலிருந்து வந்தவர், தானே மூட்டு அழற்சியோடு வாழ்பவர். 2023-இல் வெளிவந்த அவருடைய 'அக்டிவிஸ்ற் அஃபோர்டன்ஸஸ்' என்ற நூலைப் படித்தபோது அந்த அம்மாவின் அடுப்படிதான் கண்முன் நின்றது. ஜேம்ஸ் கிப்சன் என்ற உளவியலாளர் முன்பே ஒன்று சொல்லியிருந்தார்: நம்மைச் சுற்றியுள்ள பொருள்கள் நமக்குச் செயல்களை வழங்குகின்றன, நாற்காலி உட்காரச் சொல்கிறது, கைபிடி பிடிக்கச் சொல்கிறது. டொக்குமாஜி அங்கிருந்து கேட்கிறார்: வலியிலும் இயலாமையிலும் வாழ்கிற உடலுக்கு உலகம் எதையுமே வழங்காதபோது என்ன நடக்கிறது? ஒரு குவளையைத் தூக்குவது, சட்டையைக் கழற்றுவது போன்ற சின்னச் செயல்களை அந்த மனிதர்கள் எப்படிப் புதிதாகக் கண்டுபிடித்துச் செய்கிறார்கள் என்று அவர் பார்த்து, படம் பிடித்து, எழுதுகிறார். அந்தச் சமாளிப்புகளை வெறும் சமாளிப்பு என்று அவர் விடுவதில்லை. இன்னும் வராத ஓர் உலகத்தை உடலாலேயே கட்டிப் பார்க்கும் செயல் என்கிறார். மனிதர்கள் ஒருவருக்கொருவர் அந்த வழியாக ஆவதைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். உருளைக்கிழங்குத் தோலைச் சீவ முடியாதவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் கை ஒரு வழி.

கருவி பழக்கும் எனக்கு இந்த நூல் ஓர் எச்சரிக்கை. ஏனென்றால் எங்கள் தொழிலில் ஒரு சோதனை எப்போதும் உண்டு: நன்றாக நடந்துகொண்டிருக்கும் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பட்டரி போட்ட ஒன்றை வைப்பது. ஒட்டியைத் தொட்டால் நாம் பதிவுசெய்த குரலைத் திருப்பிச் சொல்லும் பேனா ஒன்று இருக்கிறது. அதைத் தூள் போத்தல்களுக்கு என்றுதான் வழக்கமாகக் கொடுப்பார்கள். அந்த அம்மா வாங்கிப் பார்த்தார், யோசித்தார், "போத்திலுக்கு றப்பர் காணும் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, அதைப் பழைய படத் தொகுப்புக்கு எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஓர் ஒட்டி. மகளை எந்தப் படம் என்று சொல்லச் சொல்லி, இது யார், எந்த வீட்டு முற்றம், எந்தக் கலியாணம் என்று தன் குரலில் பதிந்தார். தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் இப்போது அந்தப் பேனாவால் படங்களைத் தொட்டுக் கேட்கிறார்கள். அதைச் செய்த நிறுவனத்தார் இப்படி ஒரு பயனை நினைத்துப் பார்த்திருப்பார்களா என்று தெரியாது.

கைபேசிக்கு வருவோம். அதுதான் இன்றைக்கு என் வேலையில் பெரும் பங்கு. ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் 2009-இல் வந்தது. அன்ட்ரொய்டில் ரோக்பாக் உண்டு. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். கண் தெரிந்தவர் பார்த்துவிட்டுத் தொடுவார். பார்வை இல்லாதவர் தொட்டுவிட்டுக் கேட்பார், கேட்டது சரியென்றால் இரண்டு தட்டுத் தட்டுவார். ஒற்றை விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தியது. இந்த இரண்டு அசைவும் கைக்கு வந்துவிட்டால் முக்கால்வாசி வந்துவிட்டது.

ஆனால் எழுபது வயது விரலுக்கு இது இலேசில்லை. பனிக்காலத்தில் தோல் வறண்டுபோனால் கண்ணாடித் திரை விரலையே உணராது. பாடத்துக்கு முன் கைக்குக் களிம்பு பூசச் சொல்வேன். இரண்டு தட்டுக்கும் நடுவே தாமதமானால் போன் அதை இரட்டைத் தட்டு என்று எடுக்காது. அந்த இடைவெளியைக் கூட்ட அமைப்பில் இடம் உண்டு. அதைத் தெரியாமல் "எனக்கு ஏலாது" என்று போனை அலுமாரியில் வைத்துவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன். பேசும் வேகத்தையும் முதலில் குறைக்கவேண்டும். நான் எப்போதும் முதலாவதாகப் பழக்குவது இரண்டு விரலால் இரண்டு தட்டு: அழைப்பு வந்தால் எடுக்கும், பேசி முடிந்தால் வைக்கும். திரையில் எந்த இடத்தில் தட்டினாலும் சரி, பொத்தானைத் தேடவேண்டாம். ரொறொன்ரோவில் இருக்கும் மகளின் அழைப்பைத் தானே எடுத்துப் பேசிவிட்டவருக்கு அடுத்த பாடம் சொல்லிக் கொடுக்கச் சிரமமே இல்லை.

சிரமம் மொழியில்தான். இந்த நகரத்துத் தமிழ் வீட்டில் மின்சாரக் கட்டணம் பிரெஞ்சில் வரும், வைத்தியசாலைக் குறிப்பு ஆங்கிலத்தில் வரும், சொந்தக்காரர் செய்தி தமிழில் வரும். ஒரே போன் மூன்று குரலில் பேசவேண்டும். ஆங்கிலக் குரல் 'கோட்-டெ-நேஜ்' என்ற வீதிப் பெயரை வாசித்தால் அங்கேயே இருபது வருடம் இருந்தவருக்கும் விளங்காது. ஐபோனுக்குள் தமிழ்க் குரல் வந்து சேர, வாய்ஸ்ஓவர் வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கணினிப் பக்கத்தில் நிலைமை கொஞ்சம் முந்தியே திருந்தியது. அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பானுக்குக் காசு இல்லை. அதனோடு வரும் இலவசக் குரலில் தமிழும் உண்டு. உலர்ந்த இயந்திரக் குரல்தான், ஆனாலும் வாசித்தது. சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியின் குழுவும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணனின் குழுவும் இந்திய மொழிக் குரல்களுக்காக உழைத்த உழைப்பு பெரிது. எங்கள் மூத்தவர்கள் அந்தக் குரல்களைக் கேட்டதும் "உது எங்கட கதை மாதிரி இல்லையே" என்பார்கள். உண்மைதான். யாழ்ப்பாணத்துக் காதுக்கு யாழ்ப்பாணத்துக் குரல் ஒன்று வேண்டும். அது வசதிக்குக் கேட்பதல்ல, விளங்குவதற்கே வேண்டும்.

குரல் இருந்தாலும் வாசிக்க எழுத்து இருக்கவேண்டும் அல்லவா? எங்கள் சமூகத்தின் அச்சு வேலை நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் நடந்தது. பாமினியில் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது, கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். ஒரு சிறுகதைக் கோப்பைத் திறந்து, ஆர்வமாக உட்கார்ந்திருந்த ஓர் ஐயாவுக்கு முன்னால் கணினி 'ஜே கே பி ஓ' என்று உளறியதைக் கேட்டேன். அது 'தமிழ்' என்ற சொல். யுனிகோடுக்கு மாற்றும் செயலிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றிக் கொடுத்ததும் கதை ஓடியது. ஆனால் கோப்பு வந்த ஒவ்வொரு முறையும் யாராவது மாற்றிக் கொடுக்கவேண்டும்.

அதைவிடப் பெரிய தடை படம். கோயில் திருவிழா அறிவித்தல், ஊர்ச்சங்கக் கூட்டம், கலை விழா, எல்லாம் வட்ஸ்அப்பில் வண்ணப் படமாக வரும். மரண அறிவித்தலும் அப்படியே. பூமாலைக்குள் ஒரு முகம், கீழே பெயர், பிறந்த ஊர், பார்வைக்கு வைக்கும் நேரம், எல்லாம் படத்துக்குள். போன் "படம்" என்று மட்டும் சொல்லும். ஊரில் கூடப் படித்தவர் இறந்துபோய், இறுதிக் கிரியைகள் முடிந்து, எட்டாம் நாள் வேறு கதையின் நடுவில் அதைத் தெரிந்துகொண்ட ஒருவர் என்னிடம் அழுதிருக்கிறார். கையில் விலை உயர்ந்த போன், காதில் தமிழ்க் குரல், பழகிய விரல், எல்லாம் இருந்தன. செய்தி வந்த வடிவம்தான் வாசலிலே மறித்துக்கொண்டது.

கமரா எழுத்தை வாசிக்கும் செயலிகள் தமிழையும் வாசிக்கின்றன. ஆனால் பூவும் தீபமும் தங்க நிற வளைவெழுத்தும் சேர்ந்த அறிவித்தலில் அவை தடுமாறும். ஆகவே நாங்கள் செயலியைத் தேடாமல் ஆட்களைத் தேடிப் போனோம். ஓர் ஊர்ச்சங்கக் கூட்டத்தில் எனக்குச் சிறிது நேரம் கொடுத்தார்கள். நான் அதிகம் பேசவில்லை. என் போனில் திரையை இருட்டாக்கிவிட்டு, அவர்கள் அன்று காலை அனுப்பிய அறிவித்தலைத் திறந்து, ஒலியை மட்டும் கேட்கவைத்தேன். "படம்" என்றது. மறுபடியும் "படம்". ஒரு மூத்தவர் எழுந்து, "இவ்வளவு நாளும் நாங்கள் ஆருக்கு அனுப்பினனாங்கள்?" என்று கேட்டார். படம் வரட்டும், அதற்குக் கீழே நாலு வரி எழுத்தாகவும் வரட்டும் என்று அன்றே முடிவானது: பெயர், ஊர், மண்டபமும் நேரமும், தொடர்பு எண். யுனிகோடில் வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்கள் தமிழ்ப் பாடசாலையின் மேல் வகுப்புப் பிள்ளைகள். வேலை அவர்களுக்குப் போனது. எழுத்துப் பிழை வந்தால் வீட்டில் தாத்தாமார் போனில் கேட்டுத் திருத்துகிறார்கள். பிறகு வேறு சங்கங்களும் அப்படிச் செய்யத் தொடங்கின. இதனால் பயன் கண்டவர்கள் பார்வையற்றவர்கள் மட்டுமில்லை. சின்ன எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் எல்லா மூத்தவர்களும், வண்டி ஓட்டிக்கொண்டே செய்தி கேட்கும் ராக்சிக்காரர்களும் நன்றி சொன்னார்கள்.

வீட்டை விட்டு வெளியே வந்தால் மொன்றியல் பார்வையற்றவருக்கு ஒரு பாதி நல்ல நகரம். இந்தத் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்ப வாகனங்களுக்கு அனுமதி இல்லை. 2003-இல் கியூபெக் முழுக்க அதை அனுமதித்தபோதும் மொன்றியல் தீவு விலக்காகவே நின்றது. காதை நம்பிக் கடக்கிறவருக்கு அது உயிர்க் காப்பு. சில சந்திகளில் ஒரு திசைக்குக் குக்கூ ஒலி, மற்றத் திசைக்குச் சின்ன மெட்டு. மெற்றோவில் கதவு மூடும் முன் வரும் மூன்று சுரம், அடுத்த நிலையத்தின் பெயர் எல்லாம் காதுக்குத் துணை. சக்கர நாற்காலியில் போகிறவர் கதை வேறு. 1966-இல் ஓடத் தொடங்கிய மெற்றோவில் லிஃப்டோடு நிலையங்கள் வந்தது 2007-இல், லவால் பக்கம் பாதை நீண்டபோது. அறுபத்தெட்டு நிலையங்களில் இன்னும் பலவற்றில் படிதான்.

மறு பாதி பனி. புதுப் பனி கால் ஓசையையும் பிரம்பு ஓசையையும் விழுங்கிவிடும். சுவர் எங்கே, சந்தி எங்கே என்று எதிரொலியால் அறிகிறவருக்கு நகரமே மாறிப்போகும். நடைபாதையின் ஓரம் பனிக்குள் புதைந்துவிடும். இயந்திரம் ஒதுக்கிய பனிமேடு நேற்று இல்லாத இடத்தில் இன்று நிற்கும். ஜிபிஎஸ் எதற்கும் இது தெரியாது. இந்தக் குறையைச் சொல்லும்போதே இந்த ஊரின் பெருமையையும் சொல்லவேண்டும். பார்வையற்றவர்களுக்கான முதல் ஜிபிஎஸ் கருவிகளில் ஒன்றான ட்ரெக்கரை 2003-இல் கொண்டுவந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்கெயில் இருந்த விசுஎய்ட் நிறுவனம்; பிறகு அது ஹியூமன்வேராக வளர்ந்தது. மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெரமி கூப்பர்ஸ்ரொக்கின் ஆய்வகம் 'ஓட்டூர்' என்ற செயலியைச் செய்தது. நடந்து போகையில் வலப்பக்கக் கடை வலக் காதிலும் இடப்பக்கக் கடை இடக் காதிலும் கேட்கும். இணையப் படங்களை ஒலியாலும் தொடுகையாலும் உணர்த்தும் 'இமேஜ்' என்ற திட்டமும் அங்கேதான் உருவானது. வரைபடத்தையும் வரைபுகளையும் விரலாலும் காதாலும் படிக்கலாம் என்ற எண்ணமே எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் தெருவில் கடைசி மூன்று மீற்றர் பிரம்பின் நுனிக்கும் காதுக்கும்தான் சொந்தம். கடையின் பெயரைச் செயலி சொல்லும். வாசற்படி எங்கே என்று பிரம்பு சொல்லும்.

கடைக்குள் போனபின் ஒரு தொல்லை இருக்கிறது. அட்டை போடும் இயந்திரங்களில் பொத்தான் இருந்த காலத்தில் ஐந்தின் மேல் இருக்கும் சின்னப் புடைப்பைத் தடவி இரகசிய எண்ணைத் தானே அழுத்தலாம். இப்போது பல இடங்களில் வழுவழுப்பான திரை மட்டும். எண்ணை வாய்விட்டுச் சொல்கிற நிலைக்குப் பெரியவர்கள் வந்திருக்கிறார்கள். தட்டிக் கட்டும் முறையைப் பழக்கிக் கொடுக்கிறேன். அதற்கும் ஒரு தொகை எல்லை உண்டு. சட்டம் இதில் வாயில்லாதது அல்ல. கியூபெக்கின் மனித உரிமைச் சாசனம் 1978 முதல் இயலாமையை மட்டும் காப்பதில்லை. அதை ஈடுகட்ட ஒருவர் பயன்படுத்தும் எதையும், பிரம்பானாலும் வழிகாட்டி நாயானாலும், காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது என்கிறது. மத்திய அரசின் இணையத்தளங்களைத் திரைவாசிப்பானால் பயன்படுத்த முடியவில்லை என்று டோனா ஜோதன் என்ற பார்வையற்ற பெண் வழக்குப் போட்டு 2010-இல் வென்றார். 2012-இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. ஒரு பெண் தனியாக நின்று ஒரு நாட்டின் இணையத்தளங்களைத் திருத்தவைத்தார். இதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன்.

ஆய்வாளர்கள் எங்கள் வீடுகளுக்கு வருவதைப் பற்றியும் எழுதவேண்டும். நேர்காணல்களில் மொழிபெயர்த்திருக்கிறேன். பல பக்கச் சம்மதப் படிவத்தில் எங்கே கையெழுத்து என்று விரலைக் கொண்டுபோய் வைத்தால் போதும், எங்கள் மூத்தவர்கள் போட்டுவிடுவார்கள். பிறகு கேள்விகள். "இந்தக் கருவி உங்களுக்குத் திருப்தியா?" "ஓம், நல்லது." "ஏதும் சிரமம்?" "ஒண்டுமில்லை." ஆய்வாளர் போன பின் நான் கேட்டால், போன் மூன்று மாதமாக அலுமாரியில். "வீட்டுக்கு வந்த பிள்ளையிட்டக் குறை சொல்லலாமோ?" என்றார் ஓர் ஐயா. விருந்தினர் மனம் கோணக்கூடாது என்ற பண்பை எந்த வினாக்கொத்தும் தாண்டாது. அன்றிலிருந்து வருகிறவர்களிடம் ஒன்று சொல்கிறேன்: திருப்தியைக் கேட்காதீர்கள், நேற்று மத்தியானம் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள், குளிசையை எப்படி எடுத்தீர்கள், யார் கூப்பிட்டார்கள், எப்படி எடுத்தீர்கள் என்று கேளுங்கள். கதை தானாக வரும். அந்தக் கதைக்குள் போன் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

நல்ல முன்மாதிரியும் இந்த ஊரிலேயே உண்டு. டோசன் கல்லூரியில் 1996-இல் தொடங்கிய அடாப்டெக் ஆய்வு வலையமைப்பு. உளவியலாளர் கதரின் ஃபிக்டெனோடு அதை நடத்தியவர்களில் மரியா பரில் மாற்றுத்திறன் கொண்ட பெண்களின் உரிமைக்காகப் போராடியவர்; ஜெனிசன் அசுன்சியோன் பார்வையற்றவர். கல்லூரி மாணவர்களின் தேவையை ஆராய்ந்ததோடு நிற்காமல், இலவசமாகவும் மலிவாகவும் கிடைக்கும் உதவி மென்பொருள்களின் பட்டியலை அவர்கள் பொதுவில் வைத்தார்கள். ஆய்வு வீட்டுக்குத் திரும்பி வருவது என்றால் அதுதான். அந்தப் பட்டியல் என் கைக்கு எத்தனையோ முறை உதவியிருக்கிறது. அசுன்சியோன் பின்னர் ஜோ டெவன் என்ற மென்பொருளாளரோடு சேர்ந்து 2012-இல் தொடங்கியதுதான் உலக அணுகல் விழிப்புணர்வு நாள். ஒவ்வொரு மே மாதமும் மூன்றாம் வியாழக்கிழமையில் அதைப் பல நாடுகளில் கடைப்பிடிக்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடப்பது போன்ற சடங்குகளை நான் அன்று செய்வதில்லை. அது இருட்டின் பயத்தை மட்டும் கற்றுக் கொடுக்கும். அந்த அம்மாவின் ரப்பர் வளையத்தைக் கற்றுக் கொடுக்காது. அதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் கடைசியாக அனுப்பிய பத்துச் செய்திகளைத் திரை இருட்டில் கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்வது வாசிப்பு. 2013-இன் மராகேஷ் ஒப்பந்தம் பார்வையற்றோருக்கான புத்தகப் பிரதிகளை எல்லை தாண்டி அனுப்ப வழி திறந்தது. அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. இருபதாவதாகக் கனடா சேர்ந்த பிறகுதான், 2016-இல், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதே ஆண்டு சேர்ந்தது. ஆக, சென்னையில் ஒலியாகவோ பிரெயிலாகவோ உருவான ஒரு தமிழ்ப் புத்தகம் மொன்றியலில் இருப்பவரை அடையச் சட்டத்தில் தடையில்லை. எங்கே இருக்கிறது, யார் வழியாகக் கேட்பது என்று தெரிந்தவர்கள்தான் குறைவு. அந்தத் தரகு வேலையை இப்போது நான் செய்கிறேன்.

ஆனால் புத்தகமாகக் கிடைக்காததைக் கேட்கிறவர்களும் உண்டு. இளைப்பாறிய ஆசிரியர் ஒருவருக்குப் பழைய 'மல்லிகை' இதழ்கள் வேண்டும். டொமினிக் ஜீவா 1966-இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. ஸ்கான் செய்த பிரதிகள் படமாக இருக்கின்றன. படத்தை எழுத்தாக்கும் மென்பொருளில் ஓட்டினால் இரட்டைப் பத்தி அச்சில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக ஓடிக் கதை குழம்பிவிடுகிறது. முதலில் பத்திகளை வெட்டிப் பிரித்து, ஒவ்வொன்றாக ஓட்டவேண்டும் என்று கண்டுகொண்டோம். மங்கிய மையில் புள்ளி காணாமல் போய் மெய்யெழுத்து உயிர்மெய்யாகும். 'ர'வும் கால் குறியும் ஒன்றுக்கொன்று மாறும். அவருடைய பேத்தி போனில் எழுத்தைப் பார்க்க, அவர் காதால் கேட்டு "அது பிழை, திரும்பச் சொல்லு" என்று நிறுத்த, இருவருமாகத் திருத்துகிறார்கள். பேத்திக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். முதல் இதழ் முடிந்ததும் அந்தக் கோப்பை அவர் தன்னோடு கண் பார்க்க வரும் இன்னும் இருவருக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் இப்போது எழுபதுகளின் இதழ்களைக் கேட்கிறார்கள். அட்டை கிழிந்த, பக்கம் பழுத்த பிரதிகள் ஆரிடமாவது இருந்தால் தாருங்கள். ஸ்கான் செய்துவிட்டு, கட்டு அவிழாமல் திருப்பித் தருவோம்.